ஓட்டம் பயிற்றிய நல்லாசிரியர்

வில்லியனூரில் எழுந்தருளியுள்ள திருக்காமீசுவரர் திருக்கோயிலின் தேர்த்திருவிழா புகழ் மிக்கது. பிரெஞ்சுக்காரர் ஆண்ட காலத்தில் ஆளுநரே வந்து வடம் தொட்டு இழுப்பது வழக்கமாயிருந்தது. தேர் அசைந்து நகரும்பொழுது காண்போர் கண்கள் எல்லாம் தேரின் உச்சியையே நோக்கும். வடம் பிடிப்போர் எழுப்பும் ஆரவாரம் செவியை நிறைக்கும். ஆயினும், சக்கரத்தின் அருகே குனிந்து நின்று, காலமும் இடமும் அறிந்து முட்டுக்கட்டை இடுவோர் சிலர் உளர். அவர்களை நோக்குவோர் மிகச் சிலரே. தேர் தெருமுனையில் திரும்புவதும், சரிவில் விரைந்தோடாமல் நிற்பதும், பழுதின்றி நிலைக்கு வந்து சேர்வதும் அவர்தம் கைத்திறனால் அன்றோ நிகழ்கின்றன?

விளையாட்டுத் துறையில் பயிற்சியாளர் எனப்படுவோர் இத்தகையோரே. ஓடுபவர் பெயரை உலகம் அறியும். ஓடக் கற்பித்தவர் பெயரை அறிந்தோர் சிலரே. வென்றால் மாலை மாணாக்கருக்கு. தோற்றால் பழியில் ஒரு பங்கு ஆசிரியருக்கு. இவ்வியல்பை நன்கு அறிந்தும் தம் வாழ்நாளை அப்பணிக்கே அளித்தார் ஒருவர். பெண்கள் ஓட்டக்களத்தில் இறங்குவதே அரிதாயிருந்த காலத்தில், சிற்றூர்ச் சிறுமி ஒருத்தியை ஆசியாவின் முதன்மை வீராங்கனையாக ஆக்கிய அவர், ஓ. எம். நம்பியார் ஆவார்.

ஆசிரியர்க்கு இலக்கணம்

ஆசிரியத் தொழிலைப் போற்றுதல் இந்நாட்டிற்குப் புதியதன்று. புதுச்சேரியின் நெற்களஞ்சியமாகத் திகழும் பாகூரில் ஒன்பதாம் நூற்றாண்டிலேயே ஒரு கல்லூரி விளங்கிற்று. பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மன் காலத்தில் அக்கல்லூரியின் வளர்ச்சிக்காக மூன்று ஊர்கள் வழங்கப்பெற்றன என்பதைப் பாகூர்ச் செப்பேடுகள் தெரிவிக்கின்றன. கற்பிப்போர் கவலையின்றிக் கற்பித்தல் வேண்டும் என்று கருதி ஊர்களையே ஈந்தனர் அக்காலத்தவர்.

நன்னூல் இயற்றிய பவணந்தி முனிவர் நல்லாசிரியர்க்கு நிலத்தையும், மலையையும், துலாக்கோலையும், மலரையும் உவமையாக உரைத்தார். உழுவோன் முயற்சிக்கு ஏற்ப விளைவு தரும் பொறுமை நிலத்திற்கு உண்டு. மழை பொய்த்த காலத்தும் அருவி சொரியும் வளம் மலைக்கு உண்டு. ஒருபாற் கோடாது நிறையைக் காட்டும் நேர்மை துலாக்கோலுக்கு உண்டு. யாவரும் விரும்பும் மென்மை மலருக்கு உண்டு. நூல் கற்பிப்போரை எண்ணி உரைக்கப்பட்ட இவ்விலக்கணம், ஓட்டம் கற்பிப்போர்க்கும் பொருந்துமோ என்னும் ஐயம் எழலாம். நம்பியாரின் வாழ்க்கை அவ்வையத்திற்கு விடை தரும்.

பெண்கள் களம் புகுந்த வரலாறு

அவர் ஆற்றிய பணியின் அருமையை உணர வேண்டுமாயின், பெண்கள் விளையாட்டின் வரலாற்றைச் சிறிது அறிதல் வேண்டும். இக்கால ஒலிம்பிக் விளையாட்டு 1896-ஆம் ஆண்டில் ஏதென்சு நகரில் தொடங்கிற்று. அவ்விழாவில் பெண்கள் பங்கு கொள்ளவில்லை. 1900-ஆம் ஆண்டில் பாரிசு நகரில் நிகழ்ந்த விழாவிலேதான் டென்னிஸ் முதலிய சில விளையாட்டுகளில் அவர்க்கு இடம் கிடைத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த சார்லட் கூப்பர் என்னும் பெண்மணி அவ்வாண்டு டென்னிஸ் ஆட்டத்தில் வெற்றி பெற்றார். ஓட்டப்பந்தயங்களில் பெண்கள் இறங்குவதற்கு மேலும் 28 ஆண்டுகள் கழிந்தன. 1928-ஆம் ஆண்டில் ஆம்ஸ்டர்டாம் நகரில் அவர்கள் முதன்முதலாக ஓடினர்.

அங்கும் ஒரு தடை எழுந்தது. 800 மீட்டர் ஓட்டத்தை முடித்த பெண்கள் சிலர் களைப்புற்றமையைக் கண்டு, இவ்வளவு தொலைவு ஓடுதல் பெண்களின் உடலுக்கு ஏலாது என்று சிலர் வாதித்தனர். அவர் கருத்தே வென்றது. 800 மீட்டர் ஓட்டம் பெண்கள் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது. 1960-ஆம் ஆண்டு ரோமாபுரியில் நிகழ்ந்த விழாவில்தான் அது மீண்டும் இடம் பெற்றது. நெடுந்தொலைவு ஓட்டமாகிய மாரத்தானும், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டமும் 1984-ஆம் ஆண்டு வரையில் ஒலிம்பிக் களத்தில் பெண்களுக்கு இல்லை. களைப்பு ஆடவர்க்கும் உண்டு. ஆயினும், ஆடவர் களைத்தபொழுது ஓட்டத்தை எவரும் நீக்கவில்லை.

இந்தியப் பெண்கள் 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கி நகரில் ஒலிம்பிக் ஓட்டக்களம் புகுந்தனர். மேரி டிசௌசா, நீலிமா கோஷ் ஆகிய இருவரும் அவ்வாண்டு ஓடியவர்கள். அதற்குப் பின்னரும் நெடுங்காலம் சிற்றூர்ப் பெண்களுக்கு ஓடுதளமும் இல்லை, கற்பிப்பாரும் இல்லை. ஆற்றல் இருந்தும் அதனைக் கண்டறிவார் இல்லாமையால் அடுப்பங்கரையில் அடங்கிய கால்கள் எத்தனை என்பதை எக்கணக்கும் காட்டாது.

நம்பியாரின் இளமை

புதுச்சேரி ஆட்சிப் பகுதி நான்கு பிரிவுகளை உடையது. புதுச்சேரியும் காரைக்காலும் யானாமும் கிழக்குப் பக்கத்தில் உள்ளன. மாகே ஒன்றே மேலைக் கடலாகிய அரபிக் கடலின் கரையில் கேரள நாட்டின் நடுவே அமைந்தது. மாகேயினின்று வடக்கே சென்றால் தலைச்சேரியும் கண்ணூரும் வரும். தெற்கே சென்றால் வடகரையும், அதனை அடுத்துப் பய்யோளியும், பின்னர்க் கொயிலாண்டியும் வரும். இச்சிறிய கடற்கரைப் பகுதியே இவ்வரலாறு பெரிதும் நிகழ்ந்த இடமாகும்.

நம்பியார் 1932-ஆம் ஆண்டில் பிறந்தவர். வடகரையை அடுத்த மணியூர் அவரது ஊர். இளமையில் இந்திய விமானப்படையில் சேர்ந்தார். படையினர்க்கு உரிய போட்டிகளில் ஓடிச் சிறந்த வீரர் எனப் பெயர் பெற்றார். ஆயினும், இந்தியாவின் சார்பில் வெளிநாட்டுக் களத்தில் ஓடும் பேறு அவர்க்கு வாய்க்கவில்லை. நிறைவேறாத விருப்பம் மனிதரை இருவகையாக மாற்றும். சிலர் உள்ளத்தில் அது கசப்பாகத் தங்கிவிடும். சிலர் உள்ளத்திலோ, தமக்குக் கிட்டாதது பிறர்க்கேனும் கிட்டுக என்னும் நல்லெண்ணமாக மலரும். நம்பியார் பின்னவரைச் சார்ந்தவர்.

1970-ஆம் ஆண்டில் படைப்பணியினின்று அவர் விடுபட்டார். பட்டியாலாவில் உள்ள தேசிய விளையாட்டு நிறுவனத்தில் பயிற்சியாளர்க்கு உரிய கல்வியைப் பெற்றிருந்த அவர், கேரள விளையாட்டுக் கழகத்தின் பயிற்சியாளரானார். ஓடத் தெரிந்தவர் எல்லாரும் ஓடக் கற்பிக்க வல்லவர் ஆகார். பாடத் தெரிந்தவர்க்குப் பாட்டாசிரியர் ஆவதற்குத் தனிப்பயிற்சி வேண்டியிருப்பதைப் போல, உடலின் இயல்பையும், தசைகளின் தொழிலையும், உழைப்புக்கும் ஓய்வுக்கும் உரிய அளவையும் அறிந்த பின்னரே ஒருவர் பயிற்சியாளர் ஆதல் கூடும்.

மாணாக்கியைக் கண்டறிதல்

1976-ஆம் ஆண்டில் கேரள அரசு பெண்களுக்கென விளையாட்டுப் பிரிவு ஒன்றைக் கண்ணூரில் தொடங்கிற்று. விடுதியில் தங்கிப் பள்ளிக் கல்வியையும் விளையாட்டுப் பயிற்சியையும் ஒருங்கே பெறும் ஏற்பாடு அது. அங்கே பயிற்சி அளிக்கும் பொறுப்பு நம்பியாரிடம் வந்தது. அவ்வாண்டில் அவர் கண்ணில் பட்ட சிறுமியே பி. டி. உஷா.

உஷா 1964-ஆம் ஆண்டு ஜூன் 27-ஆம் நாள் பிறந்தவர். பய்யோளியில் வளர்ந்தவர். இளமையில் வறுமையும் நோயும் அவரை வருத்தின. மெலிந்த உடல், விரைந்த நடை. பிறர் கண்ணுக்கு மெலிவு மட்டுமே தோன்றியிருக்கும். நம்பியாரின் கண்ணுக்கோ அந்த நடையின் விரைவே தோன்றிற்று. இப்பெண் சிறந்த ஓட்டக்காரி ஆவாள் என்பதை அந்நடையினின்றே தாம் உணர்ந்ததாக அவர் பிற்காலத்தில் தெரிவித்தார். பொன் வணிகர் உரைகல்லில் ஒருமுறை உரைத்த அளவில் பொன்னின் மாற்று அறிவர். தேர்ந்த ஆசிரியரின் நோக்கும் அத்தகையதே.

எனினும், கண்டறிதல் தொடக்கமே ஆகும். விதை நல்லதாயினும் உழவும் உரமும் நீரும் காவலும் இன்றி விளைவு இல்லை. அக்காலத்தில் வீராங்கனைகளுக்கு இன்று உள்ள வசதிகள் கிடைக்கவில்லை. இயற்கை அளித்த பய்யோளிக் கடற்கரையையே ஆசிரியர் ஓடுதளமாக்கினார். மணலில் ஓடுவோர் கால் புதையும். ஒவ்வோர் அடியையும் வலிந்து எடுக்க வேண்டும். அவ்வாறு பழகிய கால்களுக்கு உறுதியான தரை எளிதாகிவிடும். அலை தொடும் ஈரமணலிலும் பொதிமணலிலும் அச்சிறுமி நாள்தோறும் ஓடினார். ஆசிரியர் கையில் கடிகாரத்துடன் நின்றார். அக்கடிகாரமே அவர்க்குத் துலாக்கோல். முகம் நோக்கிப் புகழ்வதும் இல்லை. வருத்தம் நோக்கிக் குறைப்பதும் இல்லை. உண்மை அளவையே அது உரைத்தது.

உழைப்பின் பயன் விரைவில் தெரியலாயிற்று. 1978-ஆம் ஆண்டு கொல்லத்தில் நடைபெற்ற இளையோர் போட்டியில் உஷா நான்கு தங்கப் பதக்கங்கள் உள்ளிட்ட ஆறு பதக்கங்களைப் பெற்றார். 1980-ஆம் ஆண்டில் மாஸ்கோ ஒலிம்பிக் விழாவில் ஓடியபொழுது அவர்க்கு வயது 16. 1982-ஆம் ஆண்டில் புதுதில்லியில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் 100 மீட்டர், 200 மீட்டர் ஆகிய இரண்டிலும் வெள்ளிப் பதக்கம் பெற்றார். அடுத்த ஆண்டு குவைத் நகரில் 400 மீட்டர் ஓட்டத்தில் ஆசியத் தங்கம் அவரை அடைந்தது.

நூற்றில் ஒரு கூறு

1984-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழா லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் நடைபெற்றது. பெண்களுக்குரிய 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம் அவ்விழாவில் முதன்முறையாகச் சேர்க்கப்பட்டது. தம் மாணாக்கியின் வேகமும், நீண்ட அடியும் அவ்வோட்டத்திற்குப் பொருந்தும் என்று நம்பியார் துணிந்தார். அப்போட்டியில் உஷாவுக்கு இருந்த பழக்கம் மிகச் சிறிது. ஆசிரியரின் துணிவிற்கு மாணாக்கியின் நம்பிக்கை துணை நின்றது.

இவ்வோட்டத்தின் அமைப்பு நுட்பமானது. வழியில் பத்துத் தடைகள் நிற்கும். ஒவ்வொன்றின் உயரமும் 76.2 சென்டிமீட்டர். புறப்படும் இடத்திலிருந்து 45 மீட்டரில் முதல் தடை. பின்னர் 35 மீட்டருக்கு ஒரு தடை. கடைசித் தடையினின்று முடிவுக் கோடு 40 மீட்டர். இரு தடைகளுக்கு இடையே எத்தனை அடி வைப்பது என்பதை முன்னரே கணக்கிட்டுப் பழகுதல் வேண்டும். ஓர் அடி கூடினும் குறையினும் தாண்டும் கால் மாறும். கால் மாறினால் வேகம் குலையும். களைப்பு மிகுந்த இறுதிப் பகுதியிலும் அக்கணக்குத் தவறுதல் கூடாது. விரைவும் வலிமையும் மட்டுமே போதா. மூச்சு முட்டும் வேளையிலும் நிதானம் இழவாத உள்ளம் வேண்டும்.

முதற் சுற்றில் உஷா 56.81 நொடியில் ஓடினார். அரையிறுதியில் அதனை 55.54 நொடியாகக் குறைத்தார். ஒலிம்பிக் தடகள இறுதிப் போட்டிக்குத் தகுதி பெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் பெருமை அவரைச் சேர்ந்தது. இறுதிப் போட்டியில் வீராங்கனை ஒருவர் சைகைக்கு முன்னரே புறப்பட்டமையால் ஓட்டம் நிறுத்தப்பட்டு மீண்டும் தொடங்கப்பட்டது. மொராக்கோ நாட்டின் நவால் எல் முத்தவக்கில் 54.61 நொடியில் முதலில் வந்தார். அமெரிக்காவின் ஜூடி பிரவுன் இரண்டாமவர். மூன்றாம் இடத்திற்கு இருவர் ஏறத்தாழ ஒன்றாகவே கோட்டைக் கடந்தனர். புகைப்படத்தை ஆராய்ந்தே முடிவு கூறினர். ருமேனியா நாட்டின் கிறிஸ்தியானா கோஜோகாரு 55.41 நொடி, உஷா 55.42 நொடி.

ஒரு நொடியில் நூற்றில் ஒரு கூறு! கண் இமைக்கும் நேரமும் அதனினும் பன்மடங்கு நீண்டது. 400 மீட்டரை 55.42 நொடியில் கடப்பவர் ஒரு நொடிக்கு ஏறத்தாழ 7 மீட்டர் செல்கின்றார். ஆகவே, அவர் இழந்தது ஏறத்தாழ 7 சென்டிமீட்டர். நான்கு விரல்களைச் சேர்த்து வைத்தால் ஆகும் அகலம். ஓட்ட முடிவில் கையோ தலையோ கணக்கன்று. உடலின் நடுப்பகுதி கோட்டை எட்டும் நேரமே கணக்கு. நெஞ்சைச் சற்று முன் சாய்த்திருந்தால் பதக்கம் கிட்டியிருக்கும் என்று பின்னர்ப் பலரும் கூறினர். கரையில் நின்று கூறுதல் யாவர்க்கும் எளிது.

அவ்வாண்டு இந்தியாவிற்கு ஒலிம்பிக் விழாவில் ஒரு பதக்கமும் கிடைக்கவில்லை. ஆதலின் அந்நான்கு விரல் அகலம் நாடு முழுவதையும் வருத்திற்று. எட்டு ஆண்டுகள் உடனிருந்து பயிற்றிய ஆசிரியர்க்கு அவ்வருத்தம் எத்தகையதாயிருக்கும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

தோல்வியின் மறுநாள்

ஆசிரியரின் உண்மைத் தரம் வெற்றி விழாவில் புலப்படுவதன்று. தோல்வியின் மறுநாளில் புலப்படுவது. மாணாக்கரைக் கடிந்து ஒதுக்குவோர் உளர். பழியைப் பிறர்மேல் சுமத்தித் தாம் விலகுவோரும் உளர். நம்பியார் இவ்விரண்டில் எதனையும் மேற்கொள்ளவில்லை. நிலம் போலப் பொறுத்தார். ஆசிரியரும் மாணாக்கியும் மீண்டும் களம் புகுந்தனர்.

மறு ஆண்டு, 1985-இல், ஜகார்த்தா நகரில் ஆசியத் தடகளப் போட்டிகள் நிகழ்ந்தன. உஷா 100 மீட்டர், 200 மீட்டர், 400 மீட்டர், 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டம், 4 பேர் சேர்ந்து ஓடும் 400 மீட்டர் தொடரோட்டம் ஆகிய ஐந்திலும் தங்கம் வென்றார். 100 மீட்டர் தொடரோட்டத்தில் வெண்கலமும் பெற்றார். ஒரே போட்டித் தொடரில் ஒருவரே ஐந்து தங்கம் பெற்றமை கண்டு ஆசியா வியந்தது. 1986-ஆம் ஆண்டில் சியோல் நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் நான்கு தங்கமும் ஒரு வெள்ளியும் அவரை அடைந்தன. அவ்விழாவில் இந்தியா பெற்ற தங்கப் பதக்கங்கள் மொத்தம் ஐந்தே. அவற்றுள் நான்கு உஷாவின் கால்கள் தேடித் தந்தவை. மற்றொன்று மல்யுத்த வீரர் கர்த்தார் சிங் பெற்றது. கடற்கரை மணலில் வைத்த அடிகளின் விளைவு இது.

வாழ்க்கை என்றும் ஏற்றமாகவே இருப்பதன்று. 1988-ஆம் ஆண்டு ஒலிம்பிக் விழாவில் குதிகாற் காயத்தால் உஷாவால் திறம்பட ஓட இயலவில்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் போற்றிய வாய்களே அப்பொழுது தூற்றின. போற்றலும் தூற்றலும் அலை போல் வந்து மீள்வன. உழைப்பு ஒன்றே கரைபோல் நிலைத்து நிற்பது.

1985-ஆம் ஆண்டில் இந்திய அரசு சிறந்த பயிற்சியாளர்களுக்கெனத் துரோணாசாரியர் விருதினை நிறுவிற்று. முதல் ஆண்டில் அதனைப் பெற்ற மூவருள் நம்பியாரும் ஒருவர். உடன் பெற்ற மற்ற இருவர் மல்யுத்தம் பயிற்றிய பி. பி. பாகவத்தும், குத்துச்சண்டை பயிற்றிய ஓம் பிரகாஷ் பாரத்வாஜும் ஆவர். அதே 1985-ஆம் ஆண்டில் உஷாவுக்குப் பத்மஸ்ரீ விருது அளிக்கப்பட்டது. மாணாக்கி பெற்ற அவ்விருது ஆசிரியர்க்கு அறிவிக்கப்பட்டது 2021-ஆம் ஆண்டில். அதாவது 36 ஆண்டுகள் கழிந்த பின்னர். அவ்வாண்டு ஆகஸ்டு 19-ஆம் நாள், தம் 89-ஆம் வயதில், நம்பியார் இயற்கை எய்தினார். விருது வழங்கும் விழா நடைபெற்ற நவம்பர்த் திங்களில் அவர் உயிருடன் இல்லை. முட்டுக்கட்டை இடுவோரைத் திருவிழாக் கூட்டம் காலந்தாழ்த்தே காண்கின்றது.

மாணாக்கி ஆசிரியரானமை

விளக்கு ஒன்று மற்றொரு விளக்கை ஏற்றுவதனால் தன் ஒளியில் குறைவதில்லை. ஆசிரியர் கற்பித்த கலை மாணாக்கரோடு முடிந்துவிட்டால் அது அரைப்பயனே. 2000-ஆம் ஆண்டில் ஓட்டத்தினின்று ஓய்வு பெற்ற உஷா, 2002-ஆம் ஆண்டில் கொயிலாண்டியில் பெண்களுக்கென ஓட்டப் பயிற்சிப் பள்ளி ஒன்றைத் தொடங்கினார். பின்னர் அப்பள்ளி கோழிக்கோடு மாவட்டத்துக் கினாலூரில் விரிந்த இடத்தில் அமைந்தது. தமக்குக் கிட்டாத ஒலிம்பிக் பதக்கத்தைத் தம் மாணாக்கியர் பெறுதல் வேண்டும் என்பது அவர் கொண்ட நோக்கம். அவர்தம் ஆசிரியர் உள்ளத்தில் முன்னர்த் தோன்றிய அதே நல்லெண்ணம் இங்கும் முளைத்தமை காணத்தக்கது.

கண்ணூர் மாவட்டத்துச் சிற்றூரிலிருந்து அப்பள்ளிக்கு வந்த சிறுமி டின்டு லூக்கா. மெலிந்து உயர்ந்த உடல், நீண்ட கால்கள். அவர்க்கு உஷா தேர்ந்தளித்தது 800 மீட்டர் ஓட்டம். பெண்களின் உடலுக்கு ஏலாது என்று 1928-க்குப் பின் 32 ஆண்டுகள் ஒலிம்பிக் களத்தில் விலக்கி வைக்கப்பட்டிருந்த ஓட்டம் அதுவே. 2010-ஆம் ஆண்டில் குரோவேசியா நாட்டு ஸ்பிளிட் நகரில் டின்டு அத்தொலைவை 1 நிமிடம் 59.17 நொடியில் கடந்தார். ஷைனி வில்சன் 1995-இல் நிறுவியிருந்த இந்திய எல்லை அன்று முறிந்தது.

அவ்வாண்டின் இறுதியில் குவாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில் டின்டு தொடக்கத்திலிருந்தே முன்னணியில் விரைந்து, இறுதிப் பகுதியில் களைத்து, மூன்றாம் இடமே பெற்றார். லாஸ் ஏஞ்சல்ஸ் களத்தில் இறுதி அடியில் இழந்தவர்க்கு, இறுதிப் பகுதியில் இழந்த மாணாக்கியின் உள்ளம் விளங்காமற் போகுமோ? தாம் எவ்வாறு தாங்கப்பட்டாரோ அவ்வாறே அவரும் தாங்கினார். 2014-ஆம் ஆண்டு இஞ்சியோன் நகரில் டின்டு 800 மீட்டரில் வெள்ளியும், தொடரோட்டத்தில் தங்கமும் பெற்றார். 2015-ஆம் ஆண்டு ஊகான் நகரில் 800 மீட்டரில் ஆசியத் தங்கம் வென்றார். உஷாவும் 2022-ஆம் ஆண்டில் இந்திய ஒலிம்பிக் சங்கத்தின் தலைமைப் பொறுப்பை ஏற்றார். அப்பொறுப்பிற்கு வந்த முதல் பெண் அவரே.

55.42 நொடி என்னும் அளவிற்கும் ஒரு பின்வரலாறு உண்டு. இந்தியப் பெண்களுள் அதனை எட்டியவர் நெடுங்காலம் எவரும் இல்லை. 39 ஆண்டுகள் கழிந்தன. 2023-ஆம் ஆண்டில் சீன நாட்டு ஹாங்சௌ நகரில் நிகழ்ந்த ஆசிய விளையாட்டு விழாவில், கோயம்புத்தூரைச் சேர்ந்த வித்யா ராம்ராஜ் என்னும் தமிழ்ப்பெண் தகுதிச் சுற்றில் 400 மீட்டர் தடை தாண்டும் ஓட்டத்தை ஓடி முடித்தார். நூற்றில் ஒரு கூறும் கூடாமல், குறையாமல், அவர் எடுத்த நேரம் 55.42 நொடி. இறுதிப் போட்டியில் வெண்கலப் பதக்கமும் அவரை அடைந்தது. ஒரு காலத்தில் இழப்பின் அளவாய் நின்ற எண், பின்வந்தோர்க்கு எட்ட வேண்டிய இலக்காய் மாறிற்று. நம்பியார் ஓட்டக்களத்தில் நட்டுச் சென்ற எல்லைக்கல் அது.

கற்க வேண்டுவன

இவ்வரலாறு இளையோர்க்கு உணர்த்துவன சில உள. ஆற்றல் நகரங்களில் மட்டும் பிறப்பதன்று. வயல் வரப்பில் விரைந்து நடக்கும் சிறுமியிடத்தும், ஏரிக்கரையில் ஓடி விளையாடும் சிறுவனிடத்தும் அது மறைந்து கிடத்தல் கூடும். பாகூரிலும் வில்லியனூரிலும் உள்ள பள்ளித் திடல்கள் பய்யோளி மணலினும் தாழ்ந்தன அல்ல. அவ்வாற்றலைக் கண்டறியும் கண் ஆசிரியர்க்கு வேண்டும். அக்கண்ணில் பட்ட பின் சோம்பாது உழைக்கும் உள்ளம் மாணாக்கர்க்கு வேண்டும். பெண் என்று விலக்காது களத்திற்கு அனுப்பும் நெஞ்சம் பெற்றோர்க்கு வேண்டும். இம்மூன்றும் கூடிய இடத்தில் வெற்றி முளைக்கும்.

மேலும், பதக்கம் பெறாமை வேறு. பயன் பெறாமை வேறு. நான்கு விரல் அகலத்தில் பதக்கம் ஒன்று நழுவியது உண்மை. ஆயினும், அதற்காக உழைத்த உழைப்பு மறு ஆண்டில் ஐந்து தங்கமாயிற்று. பின்னர் ஒரு பள்ளியாயிற்று. அதன்பின் வேறு பல பெண்களின் ஓட்டமாயிற்று. ஏரியில் தேங்கிய நீர் ஒரு மடை வழியே ஓராண்டு பாயாதொழியினும், வேறு மடை வழியே வயலை அடைந்தே தீரும். நல்லுழைப்பும் அவ்வாறு தன் வழியைத் தேடிக்கொள்ளும்.

விளையாட்டுச் செய்தியைப் படிப்போர் வென்றவர் பெயரோடு நில்லாமல், அவரைப் பயிற்றியவர் யார் என்றும் தேடி அறிதல் நன்று. ஓடியவரைப் பாராட்டும் கைகள் ஓடக் கற்பித்தவரையும் வணங்குதல் முறையாகும்.